அடர்சுருள் முடியைக் கையாளத் தெரியாமல் ஒரு வாடிக்கையாளரை நோகடித்துவிட்டேன், வழி சொல்லுங்கள்

கேள்வி: நாயுடுபுரத்துக்காரி

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்புக்கு அருகே 14 ஆண்டுகளாகப் பெண்களுக்கான அழகு நிலையம் ஒன்றை நடத்திவருகிறேன். புருவம் திருத்துவது, முடி வெட்டுவது, முகூர்த்த நாள்களில் மணப்பெண் அலங்காரம், சீசன் மாதங்களில் சுற்றுலா வருபவர்களுக்குத் தலை அலசிவிடுவது என்று தொழில் ஓடுகிறது. தொழிலில் எனக்குத் தெரியாதது குறைவு என்ற நினைப்பு கடந்த மே மாதம் வரை இருந்தது.

மே மாதத்தில் ஒரு நாள் காலையில் கறுப்பினப் பெண் ஒருவர் வந்தார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்தவர். ஆசிரியராக வேலைக்கு வந்து, இங்கே வாடகை வீட்டில் தங்கியிருக்கிறார். தலையில் அழகாகத் துணி சுற்றியிருந்தார். மதச் சின்னமாக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். தலையை அலசி, சிக்கெடுத்துப் பின்னிவிட வேண்டும் என்று கேட்டார். துணியை அவிழ்த்ததும் என்னிடம் வேலை செய்யும் பெண் கேட்காமலே முடிக்குள் விரல்களை விட்டு, "பஞ்சு மாதிரி இருக்கு அக்கா" என்றாள். காத்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கண்ணாடியில் எங்கள் நால்வரையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அலசி, துண்டால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, வழக்கமான சீப்பை உச்சியிலிருந்து இழுத்தேன். சீப்பு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அவர் முகத்தைச் சுளித்தபோது, "தடித்த முடிதானே, வலிக்காது" என்று சொன்னேன். ஸ்ட்ரெயிட்னிங் செய்துகொண்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்று யோசனையும் சொன்னேன். அவர் என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, சீப்பை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "இதற்கு முன் இப்படிப்பட்ட முடியைக் கையாண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. பாதி சிக்கெடுத்த ஈரத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, 300 ரூபாயை முழுதாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நான் செய்தது. பக்கத்துக் கடை அக்காவிடம், "அந்த அம்மாவுக்குப் பயங்கரக் கோபம் வருகிறது" என்று சொல்லிவைத்தேன். சின்ன ஊர் இது. இரண்டு வாரத்தில் காய்கறிக் கடைக்காரர் என்னிடமே, "அவங்க சண்டைக்காரியாமே?" என்று கேட்டார். அவர் என்னிடம் குரலைக்கூட உயர்த்தவில்லையே என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த முடியை எப்படிக் கையாள வேண்டும், அவரிடம் நான் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: கோத்தகிரி அம்மா

சகோதரி, பொய் சொன்னதை நீங்களாகவே எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன். என் கணவர் கானா நாட்டவர். எங்கள் மகளுக்கு இப்போது 11 வயது. கோத்தகிரியில் அவள் தலையை நான் பழகிக்கொண்ட கதையே தனி. முதல் மூன்று ஆண்டுகள் நீங்கள் செய்த தவறுகள் அனைத்தையும் நானும் செய்தேன், அதுவும் பெற்ற மகளின் தலையில்.

முதலில் முடியின் அமைப்பைச் சொல்கிறேன். நம் முடி பெரும்பாலும் உருண்டையான குறுக்குவெட்டு உடையது. நேராகவோ அலையாகவோ இறங்கும். அடர்சுருள் முடியின் வேர்ப்பை தோலுக்குள்ளேயே வளைந்திருக்கும். இழை சற்றுத் தட்டையாக இருக்கும். ஒவ்வொரு வளைவும் அந்த இழையின் பலவீனமான இடம். பார்வைக்குக் கம்பிபோல் அடர்த்தியாகத் தெரிந்தாலும், நம் முடியைவிட எளிதில் ஒடிந்துவிடும் முடி அது. மண்டையில் சுரக்கும் எண்ணெய்ப் பசை நம் முடியில் நுனிவரை வழிந்துவிடுகிறது. சுருளில் அது இறங்க முடியாமல் வேரோடு நின்றுவிடுவதால் நுனி எப்போதும் வறண்டே இருக்கும். ஆகவே நாம் செய்வதுபோல் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஷாம்பு போட்டால் கெடுதல். வாரத்துக்கு ஒருமுறை, சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். தலை அலசும் அந்த நாளில் மற்ற வேலை எதுவும் நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு அலசி, சிக்கெடுத்து, பின்னி முடிக்க நான்கு மணி நேரம் ஆகிறது. இடையில் ஒருமுறை சாப்பாடும் உண்டு.

உலர்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது. தலையை நான்காகவோ எட்டாகவோ பிரித்து, ஒரு பகுதியைத் தவிர மற்றவற்றை முறுக்கிக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். எடுத்த பகுதியை நன்றாக நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, முதலில் விரல்களால் சிக்கைப் பிரியுங்கள். அதன் பிறகுதான் அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கி, அங்குலம் அங்குலமாக மேலே ஏறி, கடைசியில்தான் வேருக்குப் போக வேண்டும். நீங்கள் உச்சியிலிருந்து இழுத்தீர்கள். நுனியில் இருந்த சிறு சிக்கெல்லாம் ஒன்றாகத் திரண்டு முடிச்சாகியிருக்கும். சிக்கெடுக்கும்போது ஒரு கையால் முடியின் வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் இழுவை மண்டைக்குப் போகாது. துண்டால் தேய்க்காதீர்கள், பழைய பருத்திச் சட்டையால் ஒற்றியெடுங்கள்.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் எந்தத் தலையைப் பார்த்தாலும் முதலில் சொல்வது "எண்ணெய் வை" என்பதுதான். எண்ணெய் ஈரத்தைத் தராது. இருக்கும் ஈரத்தைப் பூட்டிவைக்கும். ஆகவே முதலில் தண்ணீர், அதன்மேல் எண்ணெய். கொடைக்கானலிலும் எங்களைப் போலவே தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் ஆண்டு முழுவதும் உறைந்துதான் கிடக்கும் என்று நினைக்கிறேன். உறைந்த எண்ணெயைச் சுரண்டித் தேய்த்தால் சுருளுக்குள் வெள்ளைத் திட்டுகளாக நின்றுவிடும். வெந்நீர்ச் செம்பில் பாட்டிலை வைத்து உருக்கிக்கொள்ளுங்கள். என் மாமியார் கானாவிலிருந்து ஷியா வெண்ணெய் அனுப்புவார். வடக்குக் கானாவில் பெண்கள் கொட்டையை வறுத்து, அரைத்து, கடைந்து எடுப்பது. அது தீர்ந்துபோன மாதங்களில் நம் விளக்கெண்ணெயே எனக்குக் கைகொடுத்தது. ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதப்பதை வழித்தெடுப்பார்களே, ஜமைக்காவிலும் ஏறக்குறைய அதே முறையில் கறுப்பு விளக்கெண்ணெய் காய்ச்சித் தலைக்குப் பயன்படுத்துகிறார்கள். செம்பருத்தி இலையை நீரில் கசக்கினால் வரும் வழவழப்பு, சிக்கு அவிழ்ப்பதில் கடைக் கண்டிஷனருக்குச் சளைத்ததில்லை. சீயக்காய்த் தூளை மட்டும் அப்படியே போட்டுவிடாதீர்கள். துகள் சுருளுக்குள் புகுந்துகொண்டு மூன்று நாள் உதிரும். பட்டால்தான் புத்தி வருகிறது.

ஸ்ட்ரெயிட்னிங் யோசனையை இனி யாரிடமும் நீங்களாகச் சொல்லாதீர்கள். கேட்பவருக்கு அது "உன் முடி இப்படி இருப்பதே குறை" என்றுதான் காதில் விழும். உடல்நலக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2022 அக்டோபரில் முடிவை வெளியிட்டன. முடியை நேராக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு என்று மதிப்பிட்டிருந்தார்கள். ரசாயனம்தான் காரணம் என்று அதனால் நிறுவப்பட்டுவிடவில்லை, ஆனால் இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது. அவ்வகை ரசாயனங்களைக் கறுப்பினப் பெண்கள் சிறுவயதிலேயே தொடங்கி அதிகமாகப் பயன்படுத்தும்படி ஆனதற்குக் காரணம், பள்ளியும் அலுவலகமும் அவர்களுடைய இயல்பான முடியை "ஒழுங்கற்றது" என்று திருப்பி அனுப்பியதே. கலிபோர்னியா மாநிலம் 2019இல் 'கிரவுன் சட்டம்' என்று ஒன்றை இயற்றி, முடியின் இயல்புக்காகவோ பின்னல் முறைக்காகவோ வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று சொன்னது. அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. தலைமுடிக்கு ஒரு சட்டமா என்று சிரிக்கத் தோன்றும். என் மகளின் பள்ளி நாட்குறிப்பில், "தலையை வாரி, எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை மடித்துக் கட்டி அனுப்பவும்" என்று சிவப்பு மையில் மூன்று முறை வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடித்துக் கட்ட அந்த முடி தொங்காது. நனைத்தால் தோளைத் தொடுவது, காய்ந்தால் காதளவுக்குச் சுருங்கிவிடும். கடைசியில் மண்டையோடு ஒட்டிய வரிப் பின்னல்களாகப் போட்டு, முனையில் பள்ளி ரிப்பனைக் கட்டி அனுப்பினேன். வகுப்பாசிரியர் நல்லவர், ஒப்புக்கொண்டார்.

அந்தத் தலைத்துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் இரவில் பட்டு அல்லது சாட்டின் துணி சுற்றுவார்கள். பகலில் குளிருக்கும் காற்றுக்கும் அழகுக்கும் சுற்றுவார்கள். அதற்கு வரலாறும் உண்டு. லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, 1786இல் ஆளுநர் எஸ்தெபான் மீரோ, கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களின் கூந்தல் அலங்காரம் மற்றவர்களின் கண்ணை உறுத்தியதுதான் காரணம். அந்தப் பெண்களோ பளிச்சென்ற துணிகளைத் தேர்ந்தெடுத்து, விதவிதமாகச் சுற்றி, ஆணையையே அலங்காரமாக்கிவிட்டார்கள்.

பதில்: ஏரிச்சாலை

எனக்கு இதில் மாறுபட்ட கருத்து இருக்கிறது. ஏரிக்கரையில் கடை வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் வந்தாலும் நம் ஆட்கள் சூழ்ந்துகொண்டு செல்ஃபி கேட்கிறார்கள். குழந்தையாக இருந்தால் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். புதிதாக ஒன்றைப் பார்த்தால் தொட்டுப் பார்ப்பது நம் மக்களின் சுபாவம். அதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு பெண் "பஞ்சு மாதிரி" என்று சொன்னதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா? பஞ்சு மென்மையானதுதானே. வெளியூரிலிருந்து வருபவர்களும் நம் பழக்கத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

ஏரிச்சாலை ஐயா, கெட்ட எண்ணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கடையில் செல்ஃபி கேட்கிறவர்கள் வெள்ளைக்காரரோடு எடுத்த படத்தைப் பெருமைக்காக மாட்டுகிறார்கள். கறுப்பினத்தவரோடு எடுத்த படத்தை எதற்காக அனுப்புகிறார்கள், கீழே என்ன எழுதி அனுப்புகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். என் உறவினர் குழுவில் வந்ததை நான் பார்த்தேன். இங்கே எழுதக் கூசுகிறது. "பஞ்சு" என்ற சொல் மென்மையானதுதான்; ஆனால் பருத்திக் காட்டில் அடிமைகளாகப் பஞ்சு பொறுக்கியவர்களின் வழிவந்த ஜார்ஜியா மாநிலப் பெண்ணின் காதில் அது எப்படி விழும் என்று நாம் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் தமிழ் புரியாதவராக இருந்தால் அந்தச் சொல்லாவது தப்பித்தது. சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

நான் இங்கிலாந்தில் 19 ஆண்டுகள் செவிலியாக இருந்துவிட்டு, இப்போது பெருமாள்மலையில் இருக்கிறேன். கேள்வி கேட்ட சகோதரி எழுதியவற்றில் இரண்டு இடங்கள் எனக்குச் சுருக்கென்றன: "வலிக்காது" என்பது ஒன்று, "பயங்கரக் கோபம்" என்பது மற்றொன்று. இரண்டும் அவர் கடையில் பிறந்தவை அல்ல. மிகப் பழைய சரக்குகள்.

கறுப்பினத்தவரின் தோல் தடித்தது, அவர்களுக்கு வலி குறைவு என்ற நம்பிக்கை அடிமை முறைக் காலத்திலிருந்து வருவது. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கேட்டபோது, இப்படிப்பட்ட பொய்யான கருத்துகளில் ஒன்றையாவது ஏறத்தாழப் பாதிப் பேர் உண்மை என்று நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். நான் வேலை பார்த்த ஒரு வார்டில், பிரசவமான ஒரு கறுப்பினப் பெண் வலி தாங்கவில்லை என்று மூன்று முறை மணியை அழுத்தினார். பணி மாற்றத்தின்போது எனக்குச் சொல்லப்பட்டது "அவர் கொஞ்சம் சிரமமான நோயாளி" என்பதுதான். நானும் அதை நம்பி, மற்றக் கட்டில்களையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போனேன். தையலுக்கு உள்ளே இரத்தம் கட்டியிருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். என் கைராசியைப் பற்றி அதற்குப் பிறகு நான் பெருமை பேசியதில்லை.

உலகமறிந்த டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கே 2017இல் பிரசவத்துக்குப் பின் நுரையீரலில் இரத்தக் கட்டி ஏற்பட்டபோது, எனக்கு இன்ன பரிசோதனை வேண்டும் என்று அவர் வற்புறுத்திக் கேட்க வேண்டியிருந்தது; மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று முதலில் நினைத்தார்களாம். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் 69.9 பேர் இறந்தார்கள். வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர்.

அதே செரீனா 2018இல் அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டியில் நடுவரோடு வாதிட்டார். ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்று அவரைத் தடித்த உதடும் பூத உடலுமாக, மட்டையை மிதித்துக் குதிப்பவராகக் கேலிச்சித்திரம் போட்டது. ஆண் வீரர்கள் மட்டையை உடைத்தால் அது சூடான ஆட்டம். இவர் வாதிட்டால் அது அடங்காத கோபம். எதற்கெடுத்தாலும் சீறுகிற கறுப்புப் பெண் என்ற வார்ப்பு அமெரிக்க மேடை நகைச்சுவையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பல தலைமுறைகளாக ஊறியது. அந்த வார்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உங்கள் கடையே சாட்சி: அவர் குரலை உயர்த்தவில்லை, சீப்பை வாங்கி வைத்தார், கேள்வி கேட்டார், பணத்தைக் கொடுத்தார், இரண்டு வாரத்தில் ஊர் அவரைச் சண்டைக்காரியாக்கிவிட்டது. இதற்குப் பயந்தே என்னோடு வேலை செய்த கறுப்பினத் தோழிகள் எரிச்சல் வந்தால்கூடப் புன்னகைத்துக்கொண்டே பேசுவார்கள். அந்தப் புன்னகை எவ்வளவு களைப்பூட்டுவது என்று உடைமாற்றும் அறையில் சொல்வார்கள். கறுப்பினப் பெண்கள் நிறத்தாலும் பெண் என்பதாலும் ஒருசேர அடிபடுவதைச் சட்டம் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதால் அவர்களுக்கு நீதி கிடைப்பதில்லை என்று, சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இலேயே எழுதினார்.

ஆகவே சகோதரி, நீங்கள் மன்னிப்பு கேட்க வேண்டியவர் ஒருவர். திருத்திச் சொல்ல வேண்டியவர்கள் இருவர். பக்கத்துக் கடை அக்காவிடமும் காய்கறிக் கடைக்காரரிடமும் போய், "நான் சொன்னது தப்பு, அவர் கோபப்படவில்லை, நான்தான் வலிக்க வைத்தேன்" என்று சொல்லுங்கள். முதலாவதைவிட அது கடினம்.

பதில்: பண்ணைக்காடு வாசகி

செவிலி அம்மா சொன்னதற்குமேல் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. நான் நல்ல கறுப்பு நிறம். பெண் பார்க்க வந்தவர்கள் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போன வீட்டில் வளர்ந்தவள். 1975இல் விற்பனைக்கு வந்த சிவப்பழகு கிரீம் ஒன்று, தன் பெயரிலிருந்து வெள்ளை நிறத்தைக் குறிக்கும் சொல்லை எடுக்க 2020ஆம் ஆண்டுவரை ஆயிற்று. அந்தக் கிரீமைப் பூசிக்கொண்டுதான் நான் கல்லூரிக்குப் போனேன். ஆகவே அந்தப் பெண்ணின் நிலை எனக்குப் புரியும் என்று உடனே எழுத வந்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன். என்னை யாரும் சந்தையில் நிறுத்தி முடியைத் தொட்டதில்லை. 2016இல் பெங்களூரில், வேறு யாரோ ஏற்படுத்திய விபத்துக்காக, வழியில் வந்த தான்சானியா மாணவியைக் கும்பல் அடித்ததே, அப்படி ஒரு பயத்தோடு நான் எந்த ஊரிலும் இறங்கியதில்லை. நிறம் பற்றிய வலி எனக்குத் தெரியும். அவருடையது முழுவதும் தெரியும் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

சொற்களைப் பற்றி ஒன்று. எங்கள் தாத்தா காலத்துப் பேச்சில் "காப்பிரி" என்பார்கள். அரபியிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த வசைச்சொல் அது. "நீக்ரோ" என்பதும் நம் பழைய பாடநூல்களில் இருந்தது. இரண்டையும் விட்டுவிடுவோம். அவர் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படிச் சொல்லலாம். பெரும்பாலான நேரங்களில் "டீச்சர்" போதும், இந்த ஊரில் எல்லா ஆசிரியர்களையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்.

இன்னொரு தொடர்பும் என் நினைவில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம் மலையடிவாரத்தில், பழனியில், நாம் முருகனுக்குக் கொடுக்கும் முடி காணிக்கை ஏலத்துக்குப் போகிறது. இப்படிக் கோயில்களில் ஏலம் போகும் நீளமான கூந்தல், தொழிற்சாலைகளில் தரம் பிரிக்கப்பட்டு, சவுரியாகவும் ஒட்டுமுடியாகவும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பலேறுகிறது. "இந்திய முடி" என்ற பெயரில் அதைப் பெரும் விலை கொடுத்து வாங்குவோரில் கறுப்பினப் பெண்கள் ஏராளம். என் மகளின் மூன்றாவது மொட்டையின்போது நாவிதர் கூந்தலை வழித்துக் கூடையில் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கூடையின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நம் தலையிலிருந்து இறங்கியதை விலைக்கு வாங்கி அணிந்தால்தான் வேலைக்கு எடுப்பார்கள் என்று ஒரு பெண்ணுக்கு ஆகிவிட்டது. அவள் அதைக் கழற்றிவிட்டுத் தன் முடியோடு நம் ஊருக்கு வந்தால் நாம் சிரிக்கிறோம்.

அழகு நிலையம் நடத்துபவர் என்பதால் இதையும் சொல்கிறேன். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1867இல் லூசியானாவில் பிறந்த சாரா பிரீட்லவ் என்ற பெண், துணி துவைத்துப் பிழைத்தவர், தம் முடி உதிர்ந்ததைக் கண்டு கறுப்பினப் பெண்களுக்கான தைலங்களை விற்கத் தொடங்கினார். மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலை கட்டினார். 1919இல் அவர் இறந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய்ச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவர் அத்தகைய தொழில் மரபிலிருந்து வந்தவர். நல்ல வேலை எது என்பது அவருக்குத் தெரியும்.

பதில்: நாயுடுபுரத்துக்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் பக்கத்துக் கடை அக்காவிடம் சொன்னேன். "அதையா இன்னும் நினைச்சுக்கிட்டு இருக்கே?" என்றார். காய்கறிக் கடைக்காரர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு ஞாயிற்றுச் சந்தையில் டீச்சரைப் பார்த்தேன். பட்டர் ஃப்ரூட் கூடை முன்னால் நின்று, கனிந்து கறுத்துப்போன பழங்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். விற்கிற பாட்டி, அது சாப்பிட ஆகாது என்று வேறு பழத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். "தலைக்கு" என்று டீச்சர் தமிழில் சொன்னார். ஆகவே "பஞ்சு" என்பதும் அன்று அவருக்குப் புரிந்திருக்கலாம் என்று அந்த இடத்திலேயே எனக்கு வியர்த்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அன்று நான் பொய் சொன்னேன், இந்த வகை முடி எனக்குப் பழக்கமில்லை, வலிக்க வைத்ததும் சிரித்ததும் என் தப்பு என்று சொன்னேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "அன்று உங்கள் கடையிலிருந்து வீடுவரை ஈரத் தலையோடு நடந்தே போனேன், மழை தூறிக்கொண்டிருந்தது" என்று மட்டும் சொன்னார். நான் நின்றுகொண்டிருந்தேன். கற்றுக்கொண்டிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை, வேறு யாரும் இருக்கமாட்டார்கள், வர விருப்பம் இருந்தால் வரலாம் என்றேன். முதல் செவ்வாய் வரவில்லை. இரண்டாவது செவ்வாய் பத்து மணிக்கு, தன் சீப்பையும் தன் தைல டப்பாவையும் பையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

எட்டுப் பகுதியாகப் பிரித்தோம். முதல் பகுதியை அவரே செய்து காட்டினார். இரண்டாவதை நான் செய்யும்போது கண்ணாடியில் என் விரல்களையே கவனித்தார். நான்காவது பகுதி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மணிக்கு மேல்தான் முடிந்தது. செம்பருத்தி இலைச் சாற்றைக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த முறை என்றார். பஞ்சு என்று சொன்ன என் உதவிப் பெண் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றாள். போகும்போது டீச்சர் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டார். 300 ரூபாய்தான் என்று நான் சொன்னேன். நான்கு மணி நேரத்துக்கு அது கூலியே இல்லை என்று சொல்லி 1,200 ரூபாய் வைத்தார். வாங்கிக்கொண்டது சரியா என்று இன்னும் யோசனையாக இருக்கிறது.

கோத்தகிரி அம்மாவிடம் ஒரு சந்தேகம். இரவில் சுற்றிக்கொள்ள அவருக்குப் பட்டுத்துணி ஒன்று தைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். என் அம்மாவின் பழைய பட்டுப் புடவையில் உடல் பகுதி நன்றாக இருக்கிறது. எவ்வளவு அளவுக்கு வெட்டுவது? சாட்டின் வாங்குவது மேலா?

பதில்: கோத்தகிரி அம்மா

கூலியை வாங்கியது முற்றிலும் சரி. இனி மணிக்கணக்கில் விலைப்பலகையிலேயே எழுதிவிடுங்கள், அவருக்கும் ஒவ்வொரு முறையும் சங்கடம் இருக்காது.

பட்டே நல்லது. ஜரிகை ஒரு நூல்கூட இருக்கக்கூடாது. முடி அதில் சிக்கி ஒடியும். பழைய புடவை என்பதால் மடிப்பு விழுந்த இடங்களில் துணி இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்த இடங்களைத் தவிர்த்து, 90 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். சாயம் போகிறதா என்று முதலில் ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். ஓரத்தை மெஷினில் அடிக்காமல், கையால் உருட்டித் தையுங்கள். மெஷின் தையல் தடித்து நெற்றியில் உறுத்தும். இரண்டாகத் தைத்துவிடுங்கள், ஒன்றைத் துவைக்கப் போட்டால் ஒன்று வேண்டும்.